விலாவென்பு முறிவும் முதுமையும்: நமுனுகுலச் சாரலின் வரலாற்றிலிருந்து

பதுளை நகருக்குத் தென்கிழக்கே ஒன்பது சிகரங்களுடன் எழுந்து நிற்கும் நமுனுகுல மலையின் சாரல்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே அமைந்துள்ளன. கோப்பி வந்த வரலாறு, அது நோயுற்று அழிந்த வரலாறு, தேயிலை பரவியது, கங்காணி முறை, துண்டு முறை, சம்பளம், வாக்குரிமை, பிரசாவுரிமை ஆகியன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயின் உழைத்த உடல் ஒருநாள் சரிவில் வழுக்கி வீழ்ந்து முறிந்தபோது அதற்கு நேர்ந்தது யாது என்பதும், அவ்வுடல் இருபது வயதினதாயிருந்தால் ஒருவகையாகவும் அறுபது வயதினதாயிருந்தால் வேறொருவகையாகவும் அது முடிந்தது ஏன் என்பதும் வரலாற்று மாணவர் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. இவ்வினாவை ஆராய்வதற்கு விலாவென்பு முறிவினும் பொருத்தமானதொரு சான்று கிடைப்பதரிது. கை முறிந்தவனைக் காண்போர் அறிவர். கால் முறிந்தவன் பிரட்டுக்கு வரமாட்டான். விலா முறிந்தவனோ வெளித்தோற்றத்தில் முழுமனிதன். அவன் முறிவை அறிவது அவனுடைய மூச்சு மட்டுமே.

மனிதனுக்குப் பன்னிரண்டு சோடி விலாவென்புகள் உள. அவை நெஞ்சறையைக் காக்கும் கூடாக இருப்பதோடு, மூச்சை உள்வாங்கும் துருத்தியின் சட்டமாகவும் இருக்கின்றன. வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை வரை மூச்செடுக்கிறார் எனக் கொண்டால், முறிந்த விலாவொன்று நாளொன்றுக்கு இருபதினாயிரம் தடவை அளவில் அசைக்கப்படுகின்றது எனலாம். முறிந்த காலை மட்டை வைத்துக் கட்டி அசையாது வைக்கலாம். நெஞ்சை அவ்வாறு வைத்தல் இயலாது. அசைந்தவாறே பொருந்த வேண்டிய என்பு விலாவென்பு. வியப்பு யாதெனின், அது பெரும்பாலும் பொருந்தியும் விடுகின்றது. இளையவருக்கு ஆறு வாரமளவில் என்பு பிடித்து, வலியும் படிப்படியாகக் குறைந்துவிடும். ஆகவே, விலா முறிவில் ஆபத்து என்பிலே இல்லை. அதனால் உண்டாகும் வலியிலே உள்ளது. வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்செடுக்காதவன் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகின்றது. வலிக்கு அஞ்சி இருமாதவன் நெஞ்சிலே சளி தங்குகின்றது. தங்கிய சளியில் கிருமி பெருகி நுரையீரல் அழற்சியாகின்றது.

இந்த இடத்திலேதான் வயது குறுக்கிடுகின்றது. குழந்தையின் விலா மூங்கிற் பிளாச்சு போல வளையுமேயன்றி எளிதில் ஒடியாது. அதனால் என்பு முறியாமலே உள்ளிருக்கும் நுரையீரல் நசுங்குவதும் உண்டு. இளைஞனின் விலாவை முறிப்பதற்குப் பெருவிசை வேண்டும். முதியவருக்கோ, சிறப்பாக மாதவிடாய் நின்று என்பின் செறிவு குறைந்த பெண்களுக்கு, இஸ்தோப்புப் படியில் ஒருமுறை சறுக்கினாலே போதும்; சிலவேளை கடும் இருமலொன்றே விலாவை முறித்துவிடும். அதற்கும் மேலாக, வயது ஏற ஏற விலாவை நெஞ்சென்போடு இணைக்கும் கசியிழையம் இறுகுகின்றது, மூச்சுத்தசைகள் தளர்கின்றன, இருமலின் வலிமை குன்றுகின்றது. இளையவர் தாங்கும் வலியை முதியவரும் தாங்கலாம். ஆனால் அவ்வலி மூச்சிலே ஏற்படுத்தும் குறையை ஈடுசெய்யும் சேமிப்பு அவரிடம் இல்லை. விறகடுப்பின் புகையை நெடுங்காலம் சுவாசித்த நுரையீரலாயின் அச்சேமிப்பு இன்னும் குறைவு என்பது சொல்லாமலே விளங்கும்.

முறிவு ஆறுவதில் வயதுக்குப் பங்குண்டு என்பது புதிய அறிவன்று. சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதி, முறிந்த இடம் இளம்பருவத்தில் ஒரு மாதத்திலும், நடுவயதில் அதன் இருமடங்கு காலத்திலும், முதுமையில் மும்மடங்கு காலத்திலும் உறுதிபெறும் என்று கணக்கிட்டுக் கூறுகின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் இக்கணக்கு நுணுக்கமான அவதானிப்பின் விளைவென்பதில் ஐயமில்லை. விலா முறிந்தவரை நிற்கவைத்து, நெய் பூசி, முறிந்த பக்கத்தை நீவி, மெத்தை போன்ற திண்டு வைத்துத் துணியாற் சுற்றுமாறும் அந்நூல் விதிக்கின்றது. அதற்கும் பலநூற்றாண்டு முற்பட்ட எகிப்திய ஏடொன்று, இன்று எட்வின் ஸ்மித் ஏடு என வழங்குவது, விலா முறிந்து அதன்மேற் காயமும் திறந்திருப்பின் அது வைத்தியத்துக்கு அடங்காதது என ஒதுக்குகின்றது. கிரேக்கத்து இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுக்கள் பற்றிய நூலோ வேறொரு செய்தியைத் தருகின்றது: விலா முறிந்தவரைப் பட்டினி போடலாகாது, வயிறு அளவாக நிறைந்திருத்தலே விலாவுக்குத் தாங்கல் என்பது அதன் கருத்து. பசியும் முறிவும் ஒருங்கே சேர்ந்த மலைநாட்டுக் காலமொன்றைப் பின்னர் நோக்கும்போது இக்கருத்து நினைவுகூரத்தக்கது.

மலையகத்து நாட்டு வைத்தியரும், சிங்களக் கிராமங்களின் முறிவு வைத்தியரும் எண்ணெய் பூசிப் பற்றுப்போட்டு நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வழக்கத்தையே கைக்கொண்டனர். மேலைநாட்டு வைத்தியமும் இதில் வேறுபட்டதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கில வைத்தியப் பாடநூல்கள் முறிந்த பக்கத்தை அகன்ற பிளாஸ்திரித் துண்டுகளால் இறுக ஒட்டுமாறு கற்பித்தன. கட்டியவுடன் வலி குறையும் என்பது உண்மை. ஆனால் வலி குறைவது அப்பக்கம் அசையாமையினால். அசையாத பக்கத்து நுரையீரல் விரிவதில்லை. இளையவர் மறுபக்கத்து நுரையீரலால் காலம் தள்ளிவிடுவர். முதியவருக்கு இக்கட்டே மெல்ல மெல்ல மூச்சை அடைக்கும் கயிறாக முடிந்தது. ஒரே சிகிச்சை ஒருவயதினரை ஆற்றி மற்றொரு வயதினரை அழிக்கக்கூடும் என்பது வைத்திய உலகுக்கு உறைப்பதற்கு நெடுங்காலம் சென்றது.

இனித் தோட்டங்களின் வரலாற்றுக்கு வருவோம். கோப்பிக் காலத்துத் தோட்டத்தில் முதியவர் என ஒரு பிரிவினர் இருந்தனர் எனச் சொல்வதே கடினம். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதை வழியே நடந்து வந்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதினர், ஆண்களே மிகுதி. பறிப்புக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். வழியிலும் தோட்டத்திலும் மடிந்தோர் தொகை சிறிதன்று. அம்மரணங்கள் பற்றிய கண்டனங்கள் எழுந்த பின்னணியிலேயே 1872 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. அச்சட்டமும், அதனைத் திருத்தி அமைத்த 1912 ஆம் ஆண்டின் சட்டங்களும் தோட்டத்துரையின் மீது சில கடமைகளைச் சுமத்தின. நோயுற்றோரைப் பற்றி அறிந்திருத்தல், வேண்டியவிடத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், கடுமையான நோயாயின் வைத்திய அதிகாரியை வரவழைத்தல் என்பன அவற்றுட் சில. பேறுகால உணவு, உறையுள் பற்றியும் சட்டம் பேசியது. காலரா, அம்மை, கொக்கிப்புழு ஆகிய தொற்றுக்களே அக்கால நிர்வாகத்தின் அச்சம். கூட்டங் கூட்டமாகக் கொல்லும் நோய்க்கு அறிக்கை எழுதப்படும். ஒருவர் விலா முறிந்து லயத்தறையில் சாய்ந்து கிடப்பதற்கு யார் அறிக்கை எழுதுவர்?

சட்டம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னது உண்மையே. அனுப்பும் வழி எப்படியிருந்தது என்பதும் வரலாறே. நமுனுகுலச் சாரலின் லயங்கள் பல இன்றும் வீதியிலிருந்து படிக்கட்டுகளாலும் ஒற்றையடிப் பாதைகளாலும் பிரிந்து கிடக்கின்றன. கம்பளியில் தூளி கட்டித் தூக்கிச் செல்வதே முற்காலப் பழக்கம். கால் முறிந்தவருக்கு அத்தூளி உதவி; விலா முறிந்தவருக்கோ அது முறிந்த இடத்தை இருபுறமும் நெருக்கும் பொறி. புகையிரதம் பதுளையை எட்டியது 1924 இல். அதன் பின்னரும் பசறைக்கும் பதுளைக்கும் செல்லும் மலைவீதியின் வளைவுகள் மாறவில்லை. இறக்கத்திலும் திருப்பத்திலும் உடல் குலுங்கும்போது விலா முறிந்தவர் படும் வேதனையை நினைத்துப் பார்ப்பின், “போகவேண்டாம், இங்கேயே கிடக்கிறேன்” என்று சொல்லும் முதியவரைப் பிடிவாதக்காரர் எனக் கூறல் நியாயமாகாது.

தேயிலை கோப்பியைப் போலன்றி ஆண்டு முழுவதும் கைகளைக் கேட்கும் பயிர். அதனாலேயே குடும்பங்கள் நிலைத்தன. லயங்களில் பிறந்தோர் லயங்களிலேயே வளர்ந்து, அங்கேயே முதுமையும் எய்தலாயினர். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது, கடலுக்கு இருபுறமும் போய்வந்து கொண்டிருந்த வாழ்க்கையை மேலும் முடக்கிற்று. தளர்ந்தால் ஊருக்குப் போகலாம் என்ற எண்ணம் பலருக்கு எண்ணமாகவே நின்றது. முதுமை என்பது நமுனுகுலத் தோட்டங்களில் ஒரு சமூக நிலையாகத் தோன்றியது இவ்வாறுதான். அதனை எதிர்கொள்ளச் சட்டமோ தோட்டமோ ஆயத்தமாக இருக்கவில்லை. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு ஒரு வீதம், பிள்ளைக்கு ஒரு வீதம் என வகுத்தது. உழைப்பு எந்த வயதில் தொடங்குகின்றது என்பதை அரசு கண்டுகொண்டது; எந்த வயதில் அது முடிய வேண்டும் என்பதைச் சம்பள ஏடு கேட்கவில்லை. மலைக்கு ஏற முடியும்வரை பேர் விழும். ஏற முடியாத நாளில் பேர் நின்றுவிடும்.

பேர் நின்ற பின்னரும் வேலை நிற்கவில்லை என்பதே இங்கு முக்கியமானது. விறகு பொறுக்குதல், மாட்டுக்குப் புல் அறுத்தல், மரக்கறித் தோட்டம் கொத்துதல், பீலியிலிருந்து தண்ணீர் சுமத்தல், மலைக்குப் போன மருமகளின் குழந்தையைப் பார்த்தல் ஆகியன கிழவன் கிழத்தியின் பங்கு. கவ்வாத்து வெட்டுபவனும் கான் வெட்டுபவனும் மழைநாளிற் சறுக்கி விழுவது போலவே இவர்களும் விழுந்தனர். முன்னவன் விழுந்தது வேலைத்தலத்தில். பின்னவர் விழுந்தது வாய்க்கால் ஓரத்தில். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த ஊறுகளுக்கே ஈடு வழங்கியது. விறகுக்கட்டோடு விழுந்த முதியவளுக்கு அதில் இடமில்லை. வேலையில் இருந்தவருக்கும் அச்சட்டத்தின் அட்டவணை கை, கால், விரல், கண் ஆகியவற்றின் இழப்பையே நிரந்தர ஊனமாக எண்ணிற்று. விலா இழக்கப்படுவதில்லை, முறிந்து, மீண்டும் பொருந்துவது. எனவே அது சில கிழமைக்குரிய தற்காலிக இயலாமையாகவே மதிப்பிடப்படத்தக்கது. ஐம்பத்தெட்டு வயதுத் தொழிலாளி முறிவுக்கு மூன்று வாரத்தின் பின் காய்ச்சலுற்று இறப்பின், இறப்பு முறிவாலா, காய்ச்சலாலா என்ற கேள்வி எழும். வைத்திய நூல் இரண்டும் ஒன்றே எனக் கூறும். கணக்கேடு இரண்டையும் வெவ்வேறு பக்கத்தில் எழுதும்.

‘ஐம்பத்தெட்டு வயது’ என்று எழுதுவது எளிது. மலையகத்தில் வயது என்பதே ஒரு வழக்குப் பொருள் என்பதை மறந்துவிடலாகாது. பிறப்புப் பதிவு இல்லாதோர், பதிவு இருந்தும் பெயர் மாறியோர், இந்தியக் கிராமத்தில் பிறந்து தாயின் இடுப்பில் வந்தோர் எனப் பலர் இருந்தனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பைக் கேட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வசித்த ஆண்டுகளைக் கேட்டது. கடதாசி இல்லாத உடலுக்கு நாடும் இல்லை, வயதும் இல்லை என்றாயிற்று. பின்னர் ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தபோது, ஆணுக்கு ஐம்பத்தைந்தும் பெண்ணுக்கு ஐம்பதும் ஆனதும் பணத்தை மீளப்பெறலாம் என்ற விதியால் வயதுக்கு ஒரு பணப் பெறுமதி ஏற்பட்டது. பிறப்புச் சான்று இல்லாதவர் ‘உத்தேச வயதுச் சான்றிதழ்’ பெற வேண்டியவரானார். உடலைப் பார்த்து ஆண்டை ஊகிக்கும் அச்சான்றிதழ் நகைப்புக்குரியது போலத் தோன்றலாம். விலா முறிவைப் பொறுத்தமட்டில் அதிலே ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1964 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பகிர்ந்த அவ்வுடன்படிக்கை, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பேசித் தீர்ப்பதாக விட்டது. 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமன்னார்ப் படகு ஏறிய குடும்பங்களால் லயங்கள் பல வெறுமையாயின. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவரானபோது தாய் தகப்பன் எவரோடு போவது என்ற வழக்கு எத்தனையோ அடுப்படிகளில் நடந்தது. வைத்திய நோக்கிலே இதன் பொருள் யாதெனில், முதியவர் விழுந்தால் தூக்கிவிடுவதற்கும், தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்டி இருமவைப்பதற்கும் இருந்த கைகள் குறைந்தன. விலா முறிவுக்கு அக்கைகளே பாதி மருந்து.

இதே ஆண்டுகளிற்றான் பஞ்சமும் வந்தது. 1973 – 74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப்பகுதியின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளினும் மிக உயர்ந்து சென்றது. மாவும் அரிசியும் அருகிய அந்நாட்களில் முதலில் பசித்தவர்கள் சம்பளம் இல்லாதவர்களே. என்பு பிடிப்பதற்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். இருமுவதற்குத் தசை வேண்டும். கிருமியை எதிர்ப்பதற்கு உடலில் ஊட்டம் வேண்டும். கிரேக்க நூல் பட்டினி கூடாது என விதித்தது விலாவின் தாங்கலுக்காக; அதன் உண்மையான காரணம் இதனினும் பெரிது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. இடையில் 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டு சேவையை நிறைவு செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாட் சம்பளம் என்ற கணக்கில் ஓய்வுக்கு ஒரு விலை வைத்தது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்கும் முயற்சி 1990 களில் தொடங்கியது, முற்றுப்பெறவில்லை. இந்த நிர்வாக மாற்றங்களை விரித்துரைக்க இங்கு அவசியமில்லை. மருந்தகத்தின் பெயர்ப்பலகை மாறினும் படிக்கட்டின் எண்ணிக்கை மாறவில்லை.

வெளியுலகில் இதே அரை நூற்றாண்டில் விலா முறிவின் வைத்தியம் தலைகீழாக மாறிற்று. 1930 களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகளும், அடுத்த பத்தாண்டில் பெனிசிலினும் வந்து நுரையீரல் அழற்சியின் கொடுமையைத் தணித்தன. 1956 இல் ஏவ்ரி, மோர்ச், பென்சன் என்னும் மூவர், விலாக்கள் பல இடத்தில் முறிந்து நெஞ்சுச் சுவர் எதிர்த்திசையில் ஆடும் நோயாளரைச் சுவாசப் பொறியால் உள்ளிருந்தே தாங்கவைக்கும் முறையை வெளியிட்டனர். 1975 இல் டிரிங்கிளும் அவருடன் பணியாற்றியோரும் அப்பொறியும் எல்லோருக்கும் வேண்டுவதில்லை, வலியை அடக்கி நுரையீரலைச் சுத்தமாக வைத்திருப்பதே பலருக்குப் போதும் என நிறுவினர். நெஞ்சை இறுகக் கட்டும் பழக்கம் பாடநூல்களிலிருந்து மறைந்தது. கட்டுவதற்குப் பதிலாக அவிழ்ப்பது, படுக்கவைப்பதற்குப் பதிலாக உட்காரவைப்பது என்னும் இம்மாற்றத்தின் பயனை மிகுதியாகப் பெற்றவர் முதியோரே.

வயதின் பங்கு எண்ணாக வெளிப்பட்டது 2000 ஆம் ஆண்டிலே. ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பல்கர் என்பவரும் உடனாய்வாளரும் விலா முறிந்த 464 நோயாளரை ஒப்புநோக்கினர். அவர்களுள் 277 பேர் அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனோர். முறிந்த விலாக்களின் தொகை இருசாராரிடத்தும் ஏறத்தாழ ஒத்திருந்தும், முதியோருள் நூற்றுக்கு 22 பேரும் இளையோருள் நூற்றுக்கு 10 பேரும் இறந்தனர். நுரையீரல் அழற்சி கண்டோர் முறையே நூற்றுக்கு 31, 17. முதியவருக்கு மேலதிகமாக முறியும் ஒவ்வொரு விலாவும் இறப்பின் அபாயத்தை நூற்றுக்கு 19 வீதத்தாலும் அழற்சியின் அபாயத்தை 27 வீதத்தாலும் கூட்டிற்று. மூன்று ஆண்டின் பின் ஹோல்கோம் முதலியோர், நான்குக்கு மேற்பட்ட விலாக்கள் முறிந்தோரிடத்து இத்தீமை நாற்பத்தைந்து வயதிலேயே தொடங்கிவிடுகின்றது எனக் காட்டினர். முதுமை அறுபத்தைந்தில் பிறப்பதில்லை. விலாவைப் பொறுத்தவரை அது இருபது ஆண்டு முன்னரே வந்துவிடுகின்றது.

இவ்வெண்களை அப்படியே நமுனுகுலவுக்குப் பெயர்த்தல் தவறு. அவை பெருவிபத்துக்கு உள்ளாகிப் பெரிய ஆஸ்பத்திரியைச் சேர்ந்தோரின் கணக்கு. படியில் சறுக்கி ஒரு விலா முறிந்த முதியவள் உரிய வலிநிவாரணமும் உணவும் பெற்றால் நலமடைவதே பெரும்பான்மை. எனினும் சுசுருதரின் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் கணக்கோடு இவற்றை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். முன்னையது காலத்தின் கணக்கு: முதியவருக்கு மும்மடங்கு பொறுமை வேண்டும் என்பது. பின்னையது உயிரின் கணக்கு: பொறுத்திருக்க மூச்சு இருக்குமா என்பது. கைகால் முறிவுக்கு முதற் கணக்கு ஏறத்தாழப் பொருந்தலாம்; விலாவுக்கு இரண்டாவதே பொருந்தும். முதியவரின் முறிவை ‘ஆறுவதற்குச் சற்று நாட்செல்லும்’ என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் முதற் கணக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்ததன் விளைவே.

உத்தேச வயதுச் சான்றிதழின் உண்மை இங்கேதான் வெளிப்படுகின்றது. அண்மைக்கால வைத்திய ஆய்வுகள் ஆண்டுக்கணக்கான வயதைக் காட்டிலும் உடலின் தளர்ச்சியே விளைவைத் தீர்மானிப்பதில் கூடிய பங்குகொள்கின்றது எனக் கருதத் தலைப்பட்டுள்ளன. எழுந்து நடக்கும் வலு, கையின் பிடி, உடலின் நிறை, முன்னரே உள்ள நெஞ்சு நோய் ஆகியவற்றை நோக்கி, எழுபது வயது வலியவரை அறுபது வயது மெலிந்தவரிலிருந்து பிரித்தறிய முயல்கின்றனர். பிறப்புச் சான்று இல்லாத தொழிலாளியை ஏற இறங்கப் பார்த்து வயது குறித்தவர் செய்ததும் ஒருவகையில் இதுவே. அவர் அதை அறிந்து செய்யவில்லை. பதின்ம வயது முதல் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, ஈரச் சாக்கை இடுப்பிற் சுற்றி, குறைந்த உணவோடு பல பிள்ளைகளைப் பெற்ற ஒரு பெண்ணின் ஐம்பது வயதும், நகரத்து மேசையருகில் அமர்ந்திருந்தவரின் ஐம்பது வயதும் ஒரே எண்ணாக இருக்கலாம், ஒரே வயதாகா. சேமலாப நிதிக்கு எண் போதும். விலாவுக்குப் போதாது.

இன்று நிலைமை சில வகையில் இலகுவாகியுள்ளது. பிரசாவுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டிச் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. வண்டி வீதிவரை வரும்; வீதிவரை கொண்டுவருவோர் யார் என்பதே இப்போதைய கேள்வி. இளையோர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றுவிட, லயங்களில் முதியோர் விகிதம் கூடிச் செல்கின்றது. வீதியும் அஞ்சத்தக்கதே: 2021 மார்ச் 20 ஆம் நாள் பசறையில் பதின்மூன்றாம் கட்டைப் பகுதியிலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். அத்தகைய பெருந்துயரை நாடு முழுவதும் அறிகின்றது. வாய்க்கால் ஓரத்து வீழ்ச்சியை அடுத்த லயமும் அறிவதில்லை.

சிகிச்சையோ, வியக்கத்தக்க அளவுக்கு எளியது. ஒழுங்காகக் கொடுக்கப்படும் வலிநிவாரணி, சாய்ந்து கிடக்க விடாது நிமிர்த்தி உட்காரவைத்தல், முறிந்த பக்கத்தைத் தலையணையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் செய்தல், மணிக்கொருதரம் ஆழ்ந்த மூச்சு, இயன்றவரை நடை, வயிற்றுக்கு உணவு. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ, மஞ்சள் அல்லது இரத்தம் கலந்த சளியோ கண்டால் பொழுது பாராமல் ஆஸ்பத்திரி. விலாக்கள் பல முறிந்த முதியவராயின் தொடக்கத்திலேயே பதுளைக்குக் கொண்டுசெல்லுதல். நரம்பைச் சூழ மருந்தேற்றி வலியைத் தடுக்கும் முறைகளும், தகடு பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குரியன. ஏனையவை ஒரு லயத்தறையிலும் இயலும், பக்கத்தில் ஒருவர் இருந்தால்.

இவ்வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சான்றுகள் தோட்டத்து விபத்துப் பதிவுகளிற் கிடையா. மரணப் பதிவுகளிலேயே தேட வேண்டும். அங்கும் ‘விலா முறிவு’ என்ற சொல் அரிதாகவே இருக்கும். கச்சான் காற்று ஓய்ந்து, ஐப்பசியிலிருந்து தை வரை ஊவாவில் மழை பெய்து படிக்கற்கள் பாசி பிடிக்கும் மாதங்களில், அறுபதோ எழுபதோ என உத்தேசமாக வயது குறிக்கப்பட்டு, ‘நிமோனியா’ என்றோ ‘முதுமை’ என்றோ காரணம் எழுதப்பட்ட பெயர்கள் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் அதற்கு மூன்று வாரம் முன்னர் தண்ணீர்க் குடத்தோடு பீலியடியில் விழுந்தவர்கள் என்பதை, அவர்களைத் தூக்கிவிட்டவர்கள் உயிரோடிருக்கும் வரையிலேதான் கேட்டறிய முடியும்.